மெக்கியூசிக்கும் சைட்டேஷன் கணக்கும்: கேள்வி பதில்

மருத்துவ மரபியலாளர் விக்டர் மெக்கியூசிக் பற்றியும், ஆய்வாளர்களை மேற்கோள் எண்ணிக்கையால், அதாவது அவர்கள் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற கணக்கால் (சைட்டேஷன்), அளப்பது பற்றியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது.

கேள்வி (எம்பிபிஎஸ் மாணவி): மேடம், இவரை மருத்துவ மரபியலின் தந்தை என்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணோடு மட்டும்தான் வருகிறது. என்னதான் செய்தார்?

அந்த எண்தான் அவர் செய்தது. சொல்கிறேன்.

1921ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில், இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். சகோதரர் பின்னாளில் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதி ஆனார். போர்க்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இளநிலைப் பட்டம் முடிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டது. அப்படி நுழைந்து 1946ல் எம்டி முடித்தவர், கடைசிவரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. 1957ல் அங்கே மருத்துவ மரபியலுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1966ல், மனிதரில் மெண்டல் விதிப்படி, அதாவது ஒற்றை மரபணு வழியே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோய்களையும் பண்புகளையும் எண்ணிட்டுத் தொகுத்து ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். முதல் பதிப்பில் சுமார் 1,500 பதிவுகள், 1998ல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் 8,500க்கும் மேல். 1987ல் அது கணினி வழியே எல்லாருக்கும் எட்டியது. இன்று உலகம் முழுக்க மரபணு மருத்துவர்கள் திறந்து பார்க்கும் ஓமிம் தரவுத்தளம் அதுதான்.

கேள்வி (இதயநோய் மருத்துவர்): அவர் எங்கள் துறைக்காரர் அல்லவா? ஏன் விட்டுப் போனார்?

உங்கள் துறைக்காரரேதான் சார். இதய ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தவர், 1958ல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். மரபியலுக்கு மாறியபோது, அரிய, முக்கியமில்லாத நோய்களுக்காக நல்ல தொழிலைக் கெடுத்துக்கொள்கிறான் என்று சக மருத்துவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் அவரை இழுத்துப்போனதே இதயம்தான். மார்ஃபான் என்ற மரபு நோய் உள்ளவர்கள் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய், விரிந்து கிழிந்து இறந்தார்கள். அதே ஆட்களுக்குக் கண் லென்ஸ் இடம் விலகியிருந்தது, கைகால் நீண்டிருந்தது. ஒரே குடும்பத்தில் இது மறுபடி மறுபடி வந்தது. உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவின் ஏதோ ஓர் அங்கம் பழுது, அதனால்தான் எல்லா இடத்திலும் பாதிப்பு என்று அவர் வாதிட்டார். 1956ல் வந்த நூலில் ஒரு கூர்மையான கேள்வியும் எழுப்பினார்: லென்ஸைப் பிடித்து வைத்திருக்கும் இழைகளுக்கும் மகாதமனிச் சுவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அது தெரிந்தால் நோயின் அடிப்படை தெரியும் என்றார். விடை 1991ல் கிடைத்தது. ஃபைப்ரில்லின் என்ற புரதம், 15ஆம் குரோமோசோமில் அதற்கான மரபணு. கண்டுபிடித்தவர்களில் அவருடைய ஹாப்கின்ஸ் ஆட்களும் இருந்தார்கள்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த 35 ஆண்டு இடைவெளிதான். நூல் வந்து இரண்டாவது ஆண்டிலேயே மேற்கோள் கணக்கைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியின் மதிப்பு எதில் தெரிந்திருக்கும்?

கேள்வி (பிஎச்டி மாணவர்): நேரடியாகவே கேட்கிறேன், அவருடைய எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

நேரடியாகவே சொல்கிறேன், அந்த எண்ணைத் தரப்போவதில்லை. எந்தத் தளத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். அதைவிட முக்கியம், அவர் விஷயத்தில் அது தவறான அளவுகோல்.

தெரியாதவர்களுக்கு: ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எச்-இண்டெக்ஸ் 20. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ல் முன்வைத்த கணக்கு. இதில் ஒரு பெரிய நூலுக்கு எத்தனை ஆயிரம் மேற்கோள் விழுந்தாலும் அது ஒரே ஒரு படைப்புதான், எச்-இண்டெக்ஸை ஒன்றுக்கு மேல் ஏற்றாது. மெக்கியூசிக்கின் பட்டியலோ பன்னிரண்டு பதிப்புகளாகச் சிதறி, பிறகு தரவுத்தளமாகிவிட்டது. இன்னொன்று, மரபியல் ஆய்விதழ்களின் வழக்கப்படி நோயின் பெயருக்குப் பக்கத்தில் அதன் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம், கடைசியில் வரும் நூற்பட்டியலில் அவர் பெயர் இருக்காது. மேற்கோளை எண்ணும் இயந்திரம் நூற்பட்டியலை மட்டும்தான் படிக்கும். அகராதி பார்த்து எழுதுகிறவர் அகராதியை மேற்கோள் காட்டுவாரா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கோள் எண்ணும் தொழிலே மரபியலோடு சேர்ந்துதான் வளர்ந்தது. தகவலியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1955ல் மேற்கோள் அட்டவணை (ஒரு கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் சுட்டின என்று காட்டும் பட்டியல்) என்ற யோசனையை எழுதினார். அவரை உற்சாகப்படுத்தி அரசு நிதி கிடைக்க வழிகாட்டியவர் ஜோஷுவா லெடர்பர்க், நோபல் வாங்கிய மரபியலாளர். சோதனை முயற்சியாக 1963ல் வந்தது மரபியலுக்கான மேற்கோள் அட்டவணை. அடுத்த ஆண்டு எல்லா அறிவியலுக்குமான அட்டவணை. கார்ஃபீல்டு 1950களின் தொடக்கத்தில் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வெல்ச் மருத்துவ நூலகம். பிற்பாடு மெக்கியூசிக்கின் பட்டியலை இணையவழித் தரவுத்தளமாக்க உதவியதும் அதே வெல்ச் நூலகம்.

கேள்வி (ஒரு தகப்பனார்): அம்மா, என் பையனுடைய மரபணு அறிக்கையில் ஓமிம் 154700 என்று இருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறோம். என்ன அர்த்தம்?

ஐயா, முதலில் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த எண் நோயின் முகவரி மட்டுமே. எவ்வளவு கடுமை, இனி என்ன ஆகும் என்று அது எதையும் சொல்லாது. 154700 மார்ஃபான் நோய்.

முதல் இலக்கம் மரபுவழியைச் சொல்லும். 1 என்றால் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மாறுதல் இருந்தாலே நோய் வரலாம். 2 என்றால் மாறுதல் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரவேண்டும். 3 என்றால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1994க்குப் பிறகு சேர்த்த பலவற்றுக்கு 6ல் தொடங்கும் எண் கொடுத்தார்கள், அவற்றில் எண்ணைப் பார்த்து மரபுவழியைச் சொல்ல முடியாது, உள்ளே படிக்கவேண்டும். அறிக்கையில் 134797 என்று இன்னொரு எண்ணும் இருக்கலாம், அது மரபணுவுக்கு உரியது, இன்னொரு நோய் அல்ல.

உங்களுக்கும் மனைவிக்கும் இந்த நோய் இல்லையென்றால், யாரால் வந்தது என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். மார்ஃபானில் சுமார் நான்கில் ஒரு பங்கு, பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவது. ஓமிம் பக்கத்தை இரவில் உட்கார்ந்து படிக்காதீர்கள். உலகில் எங்கோ பதிவான மோசமான கேஸ்கள்கூட அதில் வரிசையாக இருக்கும். இதய எக்கோவும் கண் பரிசோதனையும் எப்போது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி (ஆசிரியை): ஆமிஷ் மக்களிடம் அவர் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். நம் ஊர் தாய்மாமன் கல்யாணம் போன்றதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. ஆமிஷ் என்பது அமெரிக்காவில் தனித்து வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம், அதில் சொந்த அத்தை, மாமா பிள்ளைகளைக் கட்டுவதற்கே தடை. அங்கே பிரச்சினை, சில நூறு பேர் வந்து குடியேறி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஆறு விரல்களோடும் குட்டையான கைகால்களோடும் பிறந்தவர்களை மெக்கியூசிக் குழு 1960களில் வீடுவீடாகத் தேடிப் பதிவு செய்தது. எல்லிஸ்-வான் கிரெவெல்டு நோய், எண் 225500. வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் 1744ல் குடியேறிய ஒரே தம்பதியிடம் போய் நின்றது. ஆமிஷ்காரர்கள் வம்சாவளியை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

நம் ஊரில் இதற்கு நெருக்கமானது சாதிக்குள்ளேயே நடக்கும் திருமணம். வைசிய சமூகத்தில் சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு நொதி குறைவாக இருக்கும். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் அவர்களுக்குச் சீக்கிரம் இறங்காது, மூச்சு திரும்ப நேரமாகும். மயக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். தாய்மாமன் கல்யாணம் தனிக் கணக்கு: மாமனும் மருமகளும் சராசரியாக மரபணுக்களில் கால் பங்கைப் பகிர்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

கேள்வி: லிங்கனுக்கு மார்ஃபான் இருந்ததா?

தெரியாது. 1991ல் அமெரிக்க அதிபராக இருந்த லிங்கனின் எச்சங்களில் டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மெக்கியூசிக்தான். நெறிமுறைப்படி பெரிய தடையில்லை, ஆனால் மரபணுவைப் பற்றி இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்ற முடிவில் அது நின்றது.

கேள்வி (முதுநிலை மாணவர்): ஓரிரு நோயாளிகளைப் பற்றிக் கேஸ் ரிப்போர்ட் எழுதினால் யாரும் சைட் பண்ண மாட்டார்கள், நேரத்தை வீணாக்காதே என்கிறார் கைடு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சைட் பண்ண மாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. நேரம் வீண் என்பதை ஏற்கமாட்டேன்.

மெக்கியூசிக் பயிற்சி மருத்துவராக இருந்தபோது உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் கட்டிகளும் உள்ள நோயாளியைப் பார்த்தார். பாஸ்டனில் ஹரால்டு ஜெகர்ஸ் என்பவரிடம் அதேபோல் சில நோயாளிகள் இருந்தார்கள். சேர்ந்து எழுதி 1949ல் வெளியிட்டார்கள். இன்று பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் என்று நீங்கள் பரீட்சைக்குப் படிப்பது அதைத்தான். பெயரில் இவர் இல்லை, பாவம்.

1968ல் இன்னொன்று. ஹாப்கின்ஸில் ரோஜர் டோனஹ்யூ என்ற ஆய்வு மாணவர் தன் ரத்தத்தையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது முதல் குரோமோசோம் ஜோடியில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக நீண்டிருந்தது. சொந்தக்காரர்களிடம் எல்லாம் ரத்தம் வாங்கி, அது டஃபி என்ற ரத்தப் பிரிவோடு (ஏ, பி, ஓ போல இன்னொரு வகைப்பாடு) சேர்ந்து இறங்குவதைக் காட்டினார். பாலினக் குரோமோசோம் அல்லாத ஒன்றில் மனித மரபணுவுக்கு இடம் கண்டது அதுதான் முதல் முறை. கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையது, மெக்கியூசிக் கடைசி. உங்கள் கைடிடம் இந்தப் பத்தியைக் காட்டலாம், நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம்.

கேள்வி: மரபியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவை ஏன் கண்டுபிடிப்புக் கட்டுரைகளாக இல்லை?

கருவியும் விதியும் எல்லாருக்கும் தேவை என்பதால். மரபணு மாறுதல்களை ஐந்து வகையாகப் பிரிக்க அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். மாறுதலை அந்த முறைப்படி வகைப்படுத்தி எழுதும் கட்டுரை எல்லாம் அதை மேற்கோள் காட்டியாகவேண்டும், எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். மெண்டலின் கட்டுரை 1866ல் வந்தது, 1900 வரை அதைச் சுட்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேள்வி: நோபல் ஏன் கிடைக்கவில்லை?

ஒற்றைக் கண்டுபிடிப்பைத் தேடும் பரிசு அது, இவர் வேலை அந்த வடிவத்தில் இல்லை என்பது என் ஊகம். 1997ல் லாஸ்கர், 2001ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம், 2008ல் ஜப்பான் பரிசு. அதே ஆண்டு ஜூலையில் காலமானார்.

கேள்வி (பிஎச்டி மாணவர், மறுபடியும்): சரி மேடம், என் தீசிஸில் ஓமிமை எப்படி மேற்கோள் காட்டுவது? எண் மட்டும் போதாது என்கிறீர்களே.

எண்ணை உரைக்குள் போடுங்கள். நூற்பட்டியலில் ஓமிம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், பதிவு எண், நீங்கள் பார்த்த தேதி நான்கையும் எழுதுங்கள். தேதியை விடாதீர்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் யார் எப்போது திருத்தினார்கள் என்ற வரலாறு இருக்கும், நீங்கள் படித்த வாசகம் வைவா நாளன்று அங்கே இல்லாமல் போகலாம். ஒரு நோயை முதலில் விவரித்தவர் யார் என்று எழுதுவதானால் ஓமிமோடு நிறுத்தாமல் அது சுட்டும் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, அதையும் பட்டியலில் சேருங்கள்.