பார்த்தாலே தெரிகிறதா?

கேள்வி: லத்தீனில் 'ஹபேரே', ஜெர்மனில் 'ஹாபென்' இரண்டுக்கும் 'உடையதாயிருத்தல்' என்றே பொருள். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

பதில்: 'பார்த்தாலே தெரிகிறதே' என்று எழுதினீர்களே, அதற்காகவே இக்கேள்வியை எடுத்துக்கொண்டேன். ரோமாபுரியின் பேரறிஞர் வர்ரோவும் பார்த்துச் சொன்னவர்தான். நரிக்கு லத்தீனில் 'வுல்பேஸ்' என்று பெயர். பறத்தலைச் சொல்லும் 'வோலாரே' என்ற வினையும் பாதத்தைச் சொல்லும் 'பேஸ்' என்ற பெயரும் கூடி, காலால் பறக்கும் பிராணி என்ற பொருளில் அப்பெயர் அமைந்ததாகத் தம் ஆசிரியர் ஏலியுஸ் கூறியதை அவர் நூலிலேயே பதிந்துவைத்தார். ஐரோப்பியச் சொல் ஒன்றை இரண்டாக வெட்டி, இரு துண்டிலும் தமிழ் வேர் கண்டு, எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கும் அன்பர்கள் இங்கும் உண்டு. அவர்களுடைய நரிகளும் நன்றாகவே பறக்கின்றன. ஒன்றைத் தரையிறக்கிக் காட்டுங்கள் என்று கேட்டால்தான் என்னைத் தமிழ்ப் பகைவன் என்கிறார்கள்.

சொல்லுறவுக்குச் சான்று சாயல் அன்று, ஒழுங்கு. லத்தீனில் சொல்முதலில் ககரம் வரும் இடத்தில் ஜெர்மனில் ஹகரம் வரும்: நூறு அங்கே 'கெந்தும்', இங்கே 'ஹுண்டெர்ட்', கொம்பு அங்கே 'கோர்னு', இங்கே 'ஹோர்ன்'. இவ்வொழுங்கை டென்மார்க்கின் ராஸ்க் 1818இல் எடுத்துக்காட்ட, தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகள் தொகுத்த அதே யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக விரித்துரைத்தார். அந்த விதியின்படி ஹாபெனுக்கு லத்தீன் உறவு, பற்றுதலைக் குறிக்கும் 'கபேரே' என்ற வினையே. ஹபேரேயின் வேர் வேறு.

சாயலே இல்லாத உறவும் உண்டு. 'சுமக்கிறேன்' என்பதற்கு லத்தீனில் 'ஃபெரோ'; 'சுமந்தேன்' என்பதற்கோ 'துலி'; 'சுமக்கப்பட்டது' என்பதற்கு 'லாதும்'. ஃபெரோவின் வேரே சமஸ்கிருத 'பரதி'யின் வேர். பார்வைக்கு ஒட்டாத துலியும் லாதுமும்தான் ஒரே வேரின. முன்பு 'த்லாதும்' என்றிருந்து முதல் மெய் தேய்ந்துபோயிற்று. நம் துலாக்கோலில் உள்ள சமஸ்கிருதத் 'துலா'வும் அவ்வேரினதே. ஆகவே, தமிழிலிருந்து ரோமுக்குத் தராசு போயிற்று என்று அடுத்த தபாலில் யாரும் எழுத வேண்டாம். துலி உண்மையில் 'தூக்குகிறேன்' என்னும் 'தொல்லோ'வுக்கு உரிய இறந்தகால வடிவம். ஃபெரோ அதை எடுத்துக்கொண்டுவிட்டதால், தொல்லோ தன் சொத்துக்கே ஒரு முன்னொட்டைச் சேர்த்து 'சுஸ்துலி' என்று ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.