சூடான பிறகும் இறங்காத ஐடிலிங்: ஸ்குரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் பெட்ரோல் கார் இருபது வருடம் தாண்டியது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆக்சிலரேட்டருக்கு கேபிள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 1600 ஆர்பிஎம்முக்குக் கீழே வருவதில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. த்ராட்டில் பாடியில் உள்ள ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். திருப்பலாமா?

பதில்: வேண்டாம். த்ராட்டில் பாடிக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு முழுவதும் மூடி உள்ளே சிக்கிக்கொள்ளாமல் ஒரு மயிரிழை இடைவெளி விடுவதுதான் அந்த ஸ்குரூவின் வேலை. பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே அளவு பார்த்து, மேலே பெயின்ட் புள்ளி வைத்து அனுப்பியிருப்பார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய வண்டியில் அது தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. அதைத் திருப்பினால், தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் கணக்கும் சேர்ந்து கெடும். பழைய பழுது அப்படியே இருக்க, புதிதாக ஒன்று வந்து சேரும்.

பெட்ரோல் இன்ஜினின் வேகத்தை முடிவு செய்வது உள்ளே போகும் காற்று. சூடான பிறகு பெரும்பாலான கார்களில் 700 முதல் 900 ஆர்பிஎம் இருக்க வேண்டும். 1600 என்றால் தேவைக்கு மேல் காற்று எங்கிருந்தோ நுழைகிறது. தகடு சரியாக மூடவில்லை, தகட்டைச் சுற்றி ஐடிலிங்குக்கான காற்றை விடும் ஐடில் வால்வு திறந்தே நிற்கிறது, அல்லது எங்கோ லீக். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேபிள். இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் நெம்புகோல் அந்த ஸ்குரூவின் முனையில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது தகட்டின் விளிம்பில் கரி படிந்திருக்கிறது. தரையில் போட்ட மிதியடி ஆக்சிலரேட்டர் பெடலை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஐடில் வால்வு. த்ராட்டில் பாடிக்குக் காற்று வரும் பெரிய குழாயைக் கழற்றினால், தகட்டுக்கு முன்னால் சிறு துளை ஒன்று தெரியும். பல மாடல்களில் வால்வுக்குக் காற்று போகும் வழி அதுதான். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஓடும் இன்ஜினில் அந்தத் துளையை விரலால் மூடுங்கள். வேகம் சட்டென்று விழுந்தால் காற்று வால்வு வழியாக வருகிறது. மாறவே இல்லை என்றால் கோளாறு தகட்டில் அல்லது லீக்கில். (ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் குழாயைக் கழற்றினால் இன்ஜின் நின்றுபோகலாம். வால்வுக்குத் தனி ரப்பர் ஹோஸ் இருந்தால் அதைக் கிள்ளிப் பிடித்துப் பார்க்கலாம்.)

வால்வுதான் என்று தெரிந்ததும் உடனே புதிதாக ஒன்று வாங்கிவிடாதீர்கள். கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம், சுத்தம் செய்தால் போதும். ஆனால் அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு: இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டரே வால்வைத் திறந்து வைத்திருக்கலாம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) குறைந்திருந்தாலோ காற்று அடைத்திருந்தாலோ வெப்ப சென்சார் தண்ணீரைத் தொடாமல் தவறான அளவைச் சொல்லும். சில பழைய வண்டிகளில் த்ராட்டில் பாடிக்குள் ஓடும் கூலன்ட்டின் சூட்டில்தான், குளிர்ந்த இன்ஜினில் ஐடிலிங்கைக் கூட்டும் ஃபாஸ்ட் ஐடில் வால்வு மூடும். கூலன்ட் வராவிட்டால் அது மூடாது. டாஷ்போர்டில் முள் நடுவில் நிற்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பல பழைய கார்களில் அந்த முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு ஒன்று.

அதனால் இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூட்டில் திறக்கவே கூடாது. அளவு சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டருக்கான வெப்ப சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். இன்ஜின் சூடான பிறகும் கிலோ ஓம் கணக்கில் நின்றால் சென்சாரை மாற்றுங்கள்.

விரலால் மூடியும் வேகம் இறங்கவில்லை, தகடும் ஒழுங்காக மூடுகிறது என்றால் லீக்கைத் தேட வேண்டும். இந்த வயதில் ரப்பர் விறைத்து, வளையும் இடங்களில் வெடித்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அடிப்பக்கம் ஓடும் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு கைக்குத் தட்டுப்படும். மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்ஜின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்துத் தேடும் பழக்கம் பலரிடம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது உஸ் என்ற சத்தம் தொடர்ந்து வந்து ஐடிலிங்கும் மாறினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரில் லீக். அதைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக்கின் பலமே அதில்தான் இருக்கிறது.

தகட்டையோ வால்வையோ சுத்தம் செய்த பிறகு சில நாள் ஐடிலிங் முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். கரிக்கு ஏற்றபடி வால்வைத் திறந்து பழகிய கம்ப்யூட்டர் அதே கணக்கில் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைச் சிறிது நேரம் கழற்றி மாட்டி, ஏசி, லைட் எதையும் போடாமல் இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். பல வண்டிகளில் அதிலேயே கணக்கு திருந்திவிடும். ரேடியோவுக்கு கோட் உண்டென்றால் வயரைக் கழற்றும் முன் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.