காலையில டிரஸ் போட்டு விடுறப்ப மட்டும் இங்கிலீஷ் ஏன் மாட்டேங்குது?

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி. படிச்சவ. இங்கிலீஷ் பரீட்சை எழுதி பாஸ் பண்ணித்தான் விசா வாங்கி, இங்கிலாந்துல ஒரு முதியோர் இல்லத்துல கேரரா வேலை பார்க்கிறேன். மத்த நேரம் சமாளிச்சிடுறேன், காலையில அவங்களுக்கு டிரஸ் மாத்தி விடுறப்பதான் திணறுது. ஒரு தாத்தா பேன்ட்ஸ் கேட்டார், பீரோவுல இருந்து பேன்ட்டை எடுத்துக் கொடுத்தேன், கோபப்பட்டுட்டார். ஒரு பாட்டி "டூ மீ அப் அட் த பேக்"னு சொன்னாங்க, முழிச்சேன். இன்னொருத்தர்கிட்ட "ரிமூவ் யுவர் டிரஸ்"னு சொன்னப்ப சீனியர் முகம் சுளிச்சாங்க. துணி பேரையெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணணுமா? (பெயர் வேண்டாம், லெஸ்டர்)

பதில்: மனப்பாடம் பண்ண வேண்டியது துணி பேரை இல்லம்மா. போடுறது, கழட்டுறது, மாட்டுறது, இழுத்து விடுறது, இந்தச் சின்னச் சின்ன வேலைக்கான வார்த்தைங்கதான் அங்க காலையில ஓடுற இங்கிலீஷே. நமக்கு ஸ்கூல்ல ஷர்ட், ஸ்கர்ட், சாக்ஸ்னு படம் காட்டி பேர் சொல்லிக் கொடுத்தாங்க, பட்டன் போட்டு விடுன்னு சொல்ல என்ன வார்த்தைன்னு யாரும் சொல்லித் தரல, அதனால நீங்க திணறுறதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

அந்தப் பாட்டி கேட்டது சாதாரண விஷயம். பட்டனோ ஜிப்போ ஹூக்கோ, எதை மாட்டுறதுக்கும் டூ அப், அவிழ்க்கிறதுக்கு அன்டூ. முதுகுப் பக்கம் கை எட்டலம்மா, மாட்டி விடுன்னு கேட்டிருக்காங்க. சட்டையை உள்ள விட்டு இன் பண்றதுன்னு நாம சொல்றோமே, அதுக்கு அங்க டக் இன். சட்டைக் கை நீளமா இருந்தா மடிச்சு விடுறதுக்கு ரோல் அப். உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி போட்டா இன்சைட் அவுட், முன்பக்கம் பின்னாடி போயிட்டா பேக் டு ஃப்ரன்ட். இந்த அஞ்சாறு வந்துட்டாலே பாதி காலைப்பொழுது ஓடிடும்.

அடுத்து உங்க சீனியர் முகம் சுளிச்ச விஷயம். டிரஸ்னா நமக்கு எல்லாத் துணியும்தான், அங்க "யுவர் டிரஸ்"னா பொம்பளைங்க ஒரே பீஸா போடுற கவுன் மாதிரி ஒண்ணு மட்டும்தான் ஞாபகம் வரும், பொதுவா சொல்லணும்னா க்ளோத்ஸ், அதையும் பேச்சுல க்ளோஸ்னுதான் சொல்லுவாங்க. ரிமூவ்ங்கிறது ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கப் போறப்ப கேக்குற வார்த்தை, பெத்த அப்பா வயசுல இருக்கிறவர்கிட்ட அவர் ரூம்லயே நின்னு சொன்னா அதிகாரமாப் படும். "லெட்ஸ் டேக் திஸ் ஆஃப், ஷல் வி?"னு கேளுங்க. அதே மாதிரி வேர்ங்கிறது பெரும்பாலும் உடம்புல ஏற்கனவே போட்டிருக்கிறதைச் சொல்றது, போடுற வேலைக்கு புட் ஆன். அங்க கேரருங்க இன்னும் இதமா "ஷல் வி பாப் யுவர் கார்டிகன் ஆன்?"னு கேப்பாங்க (கார்டிகன்னா முன்பக்கம் திறந்து பட்டன் போடுற ஸ்வெட்டர்), அந்த பாப்ங்கிற வார்த்தையை தாராளமா எடுத்துக்கோங்க. மொத்தமா டிரஸ் பண்ணிக்கிறது கெட் டிரெஸ்ட், டிரஸ் அப்னா கல்யாணம் பார்ட்டிக்கு கிளம்புறது.

இப்ப அந்தத் தாத்தா. இங்கிலாந்துல பேன்ட்ஸ்னா பெரும்பாலும் ஜட்டி, நம்ம பேன்ட்டுக்கு ட்ரவுசர்ஸ். ஆனா மான்செஸ்டர், லங்காஷயர் பக்கத்து ஆளுங்க சிலர் பேன்ட்ஸ்னே ட்ரவுசரைச் சொல்லுவாங்க, அதனால ரெண்டையும் கையில தூக்கிக் காட்டி "தீஸ் ஒன்ஸ்?"னு கேட்டுடுறது நல்லது. ஜம்பர்னா தலை வழியா போடுற ஸ்வெட்டர். ட்ரவுசர் நழுவாம தோள்ல மாட்டுற பட்டைக்கு பிரேசஸ்னுதான் அங்க பேர், சஸ்பெண்டர்ஸ்னு கேட்டா அது பொம்பளைங்க ஸ்டாக்கிங்ஸைப் பிடிச்சு வைக்கிறது. இன்ஸ்கர்ட்னு சொன்னா யாருக்கும் புரியாது, வயசானவங்க பெட்டிகோட்னோ அண்டர்ஸ்கர்ட்னோ சொல்லுவாங்க. ஸ்லிப்பர்ஸ் கேட்டா ரப்பர் செருப்பைத் தேடாதீங்க, அது வீட்டுக்குள்ள போடுற மெத்துமெத்துன்னு இருக்கிற ஷூ, அளவு சரியில்லாத ஸ்லிப்பர் போட்டுத்தான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க, அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்க.

நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது அவங்க சொல்ற குறையைத்தான். வெஸ்ட்னு சொல்ற உள் பனியன் இருக்கு பாருங்க, ஆம்பளை பொம்பளை ரெண்டு பேரும் குளிருக்குப் போடுவாங்க, அது முதுகுக்குப் பின்னாடி சுருண்டு மடிஞ்சு கிடந்தா "இட்ஸ் ஆல் ரக்ட் அப்"னு சொல்லுவாங்க. துணி மேல ஏறிக்கிட்டே வந்தா ரைடிங் அப், எலாஸ்டிக் சதையை அழுத்தினா டிக்கிங் இன், கம்பளி உறுத்தினா இட்ச்சி. நடக்க முடியாம பகல் முழுக்க நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு அந்த மடிப்பு ஒரே இடத்துல அழுத்திக்கிட்டே இருந்தா தோல் சிவந்து புண்ணாயிடும், அவங்க சொல்றது நமக்குப் புரியாம "யெஸ் யெஸ்"னு தலையாட்டிட்டுப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் அந்த வலியோடதான் உட்கார்ந்திருப்பாங்க. புரியலையா, எங்கன்னு காட்டுங்கன்னு சொல்ற மாதிரி "ஷோ மீ வேர்"னு கேளுங்க, கை வச்சுக் காட்டுவாங்க. முதுகுப் பக்கம் கையை விட்டு நீவி விட்டுட்டு "இஸ் தட் பெட்டர்?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் நகருங்க.

பக்கவாதம் வந்தவங்களுக்குப் போடுறப்ப பலமில்லாத கையை முதல்ல விடணும், கழட்டுறப்ப அதைக் கடைசியா எடுக்கணும்னு உங்களுக்கு டிரெயினிங்ல சொல்லியிருப்பாங்க. அதைச் செய்யுறப்ப "பேட் ஆர்ம்"னு சொல்லாதீங்க, தினமும் காலையில அதைக் கேக்குறவங்க மனசு என்ன பாடுபடும், "லெட்ஸ் டூ யுவர் லெஃப்ட் ஆர்ம் ஃபர்ஸ்ட்"னு பக்கத்தைச் சொன்னா போதும்.

என்ன போடுறதுன்னு முடிவு பண்றது அவங்க உரிமை, நேரமில்லன்னு நாமளே எடுத்து மாட்டி விடக்கூடாது. மறதி நோய் இருக்கிறவங்களுக்கு பீரோவைத் திறந்து காட்டினா குழம்பிடுவாங்க, ரெண்டே ரெண்டை எடுத்துக் காட்டி "த ப்ளூ ஒன் ஆர் த கிரீன் ஒன்?"னு கேளுங்க. போட்டு முடிச்சதும் "தட் கலர் சூட்ஸ் யூ"னு சொல்லுங்க, அளவு சரியா இருக்குன்னா ஃபிட்ஸ், பார்க்க எடுப்பா இருக்குன்னா சூட்ஸ், இந்த ரெண்டையும் மாத்திடாதீங்க.

ராத்திரி ஷிஃப்ட்ல இதே வேலை தலைகீழா வரும், கெட் அன்டிரெஸ்ட்னு ஆரம்பிப்பாங்க. ஊர்ல நாம நைட்டியோட கடைக்குக்கூட போயிட்டு வருவோம், அங்க நைட்டி படுக்கைக்கு மட்டும்தான், அதோட டைனிங் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா அந்தப் பாட்டி கூனிக் குறுகிப் போயிடுவாங்க. மேல டிரெஸ்ஸிங் கவுன் போட்டு, இடுப்புக் கயிறை அவங்க சொல்ற இறுக்கத்துக்குக் கட்டி விட்டுட்டு கூட்டிட்டுப் போங்க.