‘அல்லது’ இல்லை, ‘அடியில்’

வணக்கம் அண்ணா,

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. பெங்களூரில் நண்பர் ஒருவர் வீடு காலி செய்தபோது நைலான் கம்பி போட்ட கிட்டார் ஒன்றைக் கொடுத்தார். யூடியூப் பார்த்துத்தான் பழகுகிறேன். ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் கார்டுகள் வந்துவிட்டன. இப்போது டி-க்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு எஃப் ஷார்ப் என்று ஒன்று வருகிறது. வீடியோவில் இருப்பவர் கட்டை விரலைக் கழுத்துக்கு மேலே மடித்துத் தடிக் கம்பியை அமுக்குகிறார். எனக்கு எட்டவே இல்லை. இரண்டு வாரமாக மணிக்கட்டு வலிதான் மிச்சம். கை சின்னது என்று விட்டுவிடலாமா? வெறும் டி போட்டால் தப்பா? ஒரு கடையில் கேட்டதற்கு, இரும்புக் கம்பி மாற்றுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். நீங்கள் கிருஷ்ணகிரியில் சர்ச் கொயரில் கிட்டார் வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கை சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை. நைலான் கம்பி என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அது கிளாசிக்கல் கிட்டார். அதன் கழுத்து மேல்முனையில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம். சாதாரண இரும்புக் கம்பி கிட்டாரில் 43, 44-தான். அதில் கட்டை விரல் சுலபமாக மேலே வந்துவிடும். உங்களுடையதில் வராது, வரவும் வேண்டாம். கிளாசிக்கல் முறையில் கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மேலே எட்டிப் பார்த்தாலே வாத்தியார் திட்டுவார். ஆகவே மணிக்கட்டை இன்றோடு விட்டுவிடுங்கள்.

விரலுக்கு முன்னால் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நான் அதில்தான் அவமானப்பட்டேன். கொயரில் பாட்டு வரிகளின் ஜெராக்ஸ் தருவார்கள், வரிக்கு மேலே பென்சிலில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) எழுதியிருக்கும். தாலுகா ஆபீஸ் படிவத்தில் ‘திரு/திருமதி’ என்று போட்டிருப்பார்கள், வேண்டாததை அடித்துவிட வேண்டும், இல்லையா? அந்தப் பழக்கத்தில் நான் ‘டி அல்லது எஃப் ஷார்ப்’ என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் டி போடுவேன். தைரியம் வந்த நாட்களில் இரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், ஆள்காட்டியால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் ‘பார்’ போட்டு முழு எஃப் ஷார்ப் கார்டையே பிடிப்பேன். அதில் ஏ ஷார்ப் இருக்கிறது, டி-யில் ஏ இருக்கிறது. பாடுகிறவர்களுக்குப் பல் கூசியிருக்கும். கீபோர்டு வாசித்த அண்ணன் ஒரு சனிக்கிழமை ரிகர்சலை நிறுத்திவிட்டு, “தம்பி, அது ‘அல்லது’ இல்லைடா, ‘அடியில்’” என்றார்.

அவ்வளவுதான் ஸ்லாஷ் கார்டு. கோட்டுக்கு இடது பக்கம் கார்டு, வலது பக்கம் அடியில் ஒலிக்க வேண்டிய பேஸ் சுரம், அதாவது எல்லாவற்றிலும் தாழ்ந்த சுரம்.

எதற்கு இந்த வேலை என்றால், பேஸின் நடைக்கு. ஜி, டி, இ மைனர் என்று வாசித்துப் பாருங்கள். பேஸ் ஆறாவது கம்பி (தடிக் கம்பிதான் ஆறாவது, மெல்லியது முதலாவது) ஜி-யில் இருந்து நாலாவது கம்பி டி-க்குத் தாவி, மறுபடி ஆறாவது கம்பி இ-யில் வந்து விழும். நடுவில் எஃப் ஷார்ப் அடியில் வந்தால் ஜி, எஃப் ஷார்ப், இ என்று, தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறங்குகிற மாதிரி, அவசரமில்லாமல் இறங்கும். நம் மரபில் சுருதிப் பெட்டி ச-வையும் ப-வையும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும், ராகம் மேலே அலையும். இங்கே அடியே நடக்கிறது. ஆனாலும் காதுக்குப் புதிதல்ல. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போவதை டவுன் பஸ்ஸில் கேட்டுத்தானே வளர்ந்தோம்!

சரி, விரலுக்கு வருவோம். முதலில் கார்டு வேண்டாம். ஆறாவது கம்பியை மட்டும் நடுவிரலால் மூன்றாவது ஃப்ரெட், இரண்டாவது ஃப்ரெட், அப்புறம் விரல் வைக்காத காலிக் கம்பி என்று வாசியுங்கள். மூன்று, இரண்டு, காலி. ஒரு நாள் முழுக்க இது போதும்.

பிறகு ஜி கார்டைப் பிடியுங்கள். நடுவிரல் ஆறாவது கம்பி மூன்றில், ஆள்காட்டி ஐந்தாவது கம்பி இரண்டில், மோதிர விரல் முதல் கம்பி மூன்றில். இப்போது நடுவிரலைத் தூக்காமல் அதே கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு இழுங்கள். ஆள்காட்டி மூன்றாவது கம்பி இரண்டுக்குப் போகட்டும். மோதிர விரல் ஒரே ஒரு கம்பி நகர்ந்து இரண்டாவது கம்பி மூன்றில் உட்காரட்டும். நாலாவது காலி. முதல் கம்பியை வாசிக்க வேண்டாம். வழக்கமான டி-யில் அந்தக் கம்பி தருவதும் எஃப் ஷார்ப்தான், அதைத்தான் அடியில் வைத்துவிட்டோமே. எதுவும் குறையாது.

ஐந்தாவது கம்பிதான் தொல்லை. நடுவிரலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அதன் சதை ஐந்தாவது கம்பியில் லேசாகப் பட்டு ஊமையாகிவிடும். முதலில் ஆகாது. ஒலித்தாலும் குடி முழுகாது, அது ஏ, டி கார்டுக்குள் இருக்கிற சுரம்தான். என்ன, அடியில் கொஞ்சம் கலங்கலாகக் கேட்கும்.

இன்னொன்று, எனக்கு மிகத் தாமதமாகப் பிடிபட்டது. சி, பி அடியில் ஜி (பி-யை அடியில் வைத்த ஜி கார்டு), ஏ மைனர் என்று ஒரு வரிசை அடிக்கடி வரும். அதுவும் இதே மூன்று, இரண்டு, காலிதான், ஐந்தாவது கம்பியில். சி பிடித்திருக்கும்போது நடுவிரல் நாலாவது கம்பி இரண்டில் இருக்கும். அதை அப்படியே ஐந்தாவது கம்பிக்கு மாற்றி, மற்ற விரல்களை எடுத்துவிடுங்கள். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு ஆகிய கம்பிகளை மட்டும் வருடினால் பி அடியில் ஜி. மணிக்கட்டு வலிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது, இதையே முதலில் பழகுங்கள். ஏ மைனருக்குப் பிறகு ஜி-யை அடியில் வைத்து ஒரு ஏ மைனர், அப்புறம் எஃப் என்று போனால், சி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள், பேஸ் ச நி த ப ம என்று சங்கராபரண அவரோகணத்தில் இறங்கியிருக்கும். எனக்கு அது தெரிந்த அன்று இரவு பத்து மணிக்கு அந்தக் கீபோர்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். “இப்பத்தானா?” என்றார்.

வெறும் டி போட்டால் தப்பா என்றால், தப்பில்லை. கூட பேஸ் கிட்டாரோ கீபோர்டின் இடது கையோ அந்த எஃப் ஷார்ப்பை வாசித்தால் நீங்கள் வெறும் டி போடலாம், கேட்பவருக்கு ஸ்லாஷ் கார்டுதான் கேட்கும். கொயரில் மீதி வருடங்களை நான் அப்படித்தான் ஓட்டினேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போதுதான் அந்த இறக்கம் இல்லாதது தெரியும்.

கடையில் சொன்ன இரும்புக் கம்பியை மட்டும் போட்டுவிடாதீர்கள். நைலானைவிட அதன் இழுவை மிக அதிகம், உங்கள் கிட்டார் அதற்காகச் செய்ததல்ல. கழுத்து வளையும், கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும். அப்போதும் கழுத்து 52 மில்லிமீட்டராகவேதான் இருக்கும்.