சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது

கேள்வி: என் மகள் இந்த வருடம் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்தே பார்வைக் குறைவு. 45 சதவீதம் என்று அரசு மருத்துவமனையில் சான்று கொடுத்திருக்கிறார்கள். போர்டில் எழுதுவதை செல்போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுகிறாள். கணவருக்கு அரிசி மில்லில் வேலை, வருட வருமானம் இரண்டு லட்சத்துக்குள். உதவித்தொகை கேட்கலாம் என்றால், "காலேஜில் யாருக்கும் தெரிய வேண்டாம்மா" என்று அழுகிறாள். சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவள் அழுகை, பணம் அப்புறம். புது இடத்தில் நாலு பேர் தன்னைத் தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்று அந்த வயதில் தோன்றத்தான் செய்யும். திட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில் போவது, பணம் நேராக அவள் வங்கிக் கணக்கில் விழுவது என்று விளக்குங்கள். கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பானவரைப் பார்த்து, நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்ட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அவள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறாளே, பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு இந்நேரம் விஷயம் தெரிந்திருக்கும். அதனால் அந்தத் தோழமை ஒன்றும் குறைந்திருக்காது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் எல்லைக்கோடு. உங்கள் மகள் அதைத் தாண்டியிருக்கிறாள். கையில் இருப்பது பழைய காகிதச் சான்று மட்டும் என்றால், யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு உடனே பதிவு செய்யுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் போட்டுவிடலாம்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று ஏஐசிடிஇ, அதாவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தரும் சக்ஷம். ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் டிகிரியோ டிப்ளமோவோ படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் வருடம் 50,000 ரூபாய். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். இன்னொன்று பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அதற்கு வருமான வரம்பு 2.5 லட்சம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். என் அண்ணன் மகன் எல்லாவற்றையும் சரியாகத்தான் அனுப்பினான். அவன் படித்த கல்லூரியில் அதைத் திறந்து, சரிபார்த்து, மேலே அனுப்ப வேண்டியவர் கடைசித் தேதி வரை திறக்கவே இல்லை. "லிஸ்ட்டில் உன் பேர் வரலையே தம்பி" என்று கவுன்ட்டரில் சொன்னபோது அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வருடப் பணம் போயிற்று. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால் விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்து, அந்தப் பொறுப்பாளர் கையில் நீங்களே கொடுங்கள். வாரம் ஒரு முறை இணையதளத்தில் நிலையைப் பாருங்கள். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். அடுத்தடுத்த வருடங்களில் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். பலர் வேறொரு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரவில்லை, வரவில்லை என்று தவிக்கிறார்கள்.

உங்கள் மகளின் மனதைத் திருப்பக்கூடியது பணம் அல்ல, பரீட்சை என்று நினைக்கிறேன். அதே யுடிஐடி அட்டையைக் காட்டித்தான் பெரிய எழுத்தில் வினாத்தாளும் கூடுதல் நேரமும் கேட்க முடியும். எழுதுவதில் சிரமம் உண்டு என்று மருத்துவச் சான்று இருந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பொடி எழுத்து வினாத்தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தே அவளுக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் இதை எழுத்தாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

அந்த மனுவை அவளே எழுதட்டும். நீங்கள் கூடப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள், போதும்.