டீச்சர் பதில்கள்: அஞ்சு பேரு, ஒரு நாவல்

போன மாசம் இந்தப் பகுதியில, வகுப்புல ஒரு நாவலைக் குழுவா படிக்க வைக்கலாம்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்துட்டு இந்த மாசப் பக்கத்தை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

வணக்கம் டீச்சர். அரசு உயர்நிலைப் பள்ளியில தமிழாசிரியரா இருக்கேன், பத்தாம் வகுப்புல 41 பசங்க. ட்ரெயினிங்ல சொன்ன மாதிரி அஞ்சஞ்சு பேரா உக்கார வச்சு, ஒருத்தர் கேள்வி கேக்குறவர், ஒருத்தர் சொல் தேடுறவர், ஒருத்தர் பிடிச்ச வரியை எடுக்குறவர், ஒருத்தர் நம்ம வாழ்க்கையோட சேத்துப் பாக்குறவர், ஒருத்தர் படம் வரையுறவர்னு பிரிச்சு, அவங்கவங்க வேலையை எழுதி நிரப்புற தாளும் (ரோல் ஷீட்) குடுத்தேன். எல்லாரும் அழகா எழுதுறாங்க, வரிசையா வாசிச்சுக் காட்டுறாங்க, "முடிஞ்சுது சார்"ங்கிறாங்க. பேச்சே வரல. எங்க தப்பு பண்றேன்?
ஒரு தமிழாசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

சார், உங்க மேல தப்பில்ல, பசங்க மேலயும் இல்ல. கைக்கு ஒரு தாள் வந்தா அதை நிரப்பணும், நிரப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னுதான் ஒண்ணாம் வகுப்புல இருந்து அவங்களைப் பழக்கி வச்சிருக்கோம். இந்த ரோல் ஷீட்டை அமெரிக்கா பூரா பரவ வச்சது ஹார்வி டேனியல்ஸ்ங்கிற சிகாகோ பேராசிரியரோட புத்தகம், 1994ல வந்துச்சு. 2002ல ரெண்டாம் பதிப்பு போட்டப்ப அவரே, இந்தத் தாள் பல வகுப்புல பேச்சை இயந்திரத்தனமா ஆக்கிடுது, ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு மட்டும் வச்சுக்கிட்டு எடுத்துடுங்கன்னு எழுதிட்டாரு. நம்ம கைக்கு தாள் மட்டும் வந்து சேந்துடுது, அந்த எச்சரிக்கை வழியிலயே நின்னுடுது.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா, 1982ல அரிசோனாவுல பீனிக்ஸ் நகரத்துல கேரன் ஸ்மித்னு ஒரு டீச்சர் இருந்தாங்க, அஞ்சாம் வகுப்பு எடுத்தவங்க. வகுப்புல ஒரு பெட்டி நாவல் சும்மா கெடந்துருக்கு, பசங்களே இதைப் படிக்கலாமான்னு கேட்டு எடுத்து, ஒரே புத்தகத்தை எடுத்தவங்க ஒண்ணா கூடி உக்காந்து பேச ஆரம்பிச்சிருக்காங்க. அங்க ரோலும் கிடையாது தாளும் கிடையாது. பேசணும்னு ஆசை முதல்ல வந்துச்சு, வேலைப் பிரிவினையெல்லாம் அப்புறமா வந்ததுதான்.

எங்க வகுப்புல நடந்த ஒண்ணைச் சொல்றேன். பத்தாம் வகுப்பு விரிவானத்துல கி.ரா.வோட கோபல்லபுரத்து மக்கள் நாவல்ல இருந்து ஒரு பகுதி இருக்குல்ல, பசியில சோந்து போயி உக்காந்திருக்கிற ஒரு வாலிபனை அன்னமய்யா கூட்டிட்டுப் போயி கஞ்சி குடுக்குற இடம், அதை நான் நடத்துறதுக்கு முன்னாடியே குழுவுல குடுத்துட்டேன். பாடத்துல போட்டிருக்கிற சொற்பொருளைப் பாக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தேன். சொல் தேடுற வேலை ஒரு பையனுக்குப் போச்சு, கடைசி பெஞ்சு, மார்க் முப்பத்தஞ்சைத் தாண்டாது, அந்த வருசம் வகுப்புல அவன் குரலையே நான் கேட்டதில்ல. அவன் எடுத்துட்டு வந்தது மூணே சொல்லு. நீத்துப்பாகம் (மேல்கஞ்சி), மகுளி (சோத்துக் கஞ்சி), கடிச்சுக் குடிக்கிறது.

நல்லா படிக்கிற பொண்ணு ஒண்ணு, "கஞ்சியை எப்படிடா கடிக்கிறது, பிரிண்ட்ல தப்பா விழுந்திருக்கும்"னுச்சு. அவன் ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு தண்ணி பாட்டிலைத் தெறந்தான், அண்ணாந்து தூக்கி ஊத்தி ஒரு மடக்கு குடிச்சான், அப்புறம் அதையே உதட்டுல வச்சு ரெண்டு மடக்கு குடிச்சான், புறங்கையால வாயைத் தொடைச்சுக்கிட்டு, "இதுதான் கடிச்சுக் குடிக்கிறது. கடிச்சுக் குடிக்காதல எச்சியாயிரும்னு எங்க ஆச்சி சத்தம் போடும்"னான். சட்டைக் காலரெல்லாம் தண்ணி. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அந்தப் பொண்ணே மெதுவா கேட்டுச்சு, "அப்ப யாருன்னே தெரியாத வரத்துக்காரனுக்குத் தன் கஞ்சியை வாய் வச்சுக் குடிக்கக் குடுக்குறாங்களா? எங்க வீட்ல வேலைக்கு வர்றவங்களுக்கே தனி டம்ளர் வச்சிருக்கோமே." அதுக்கப்புறம் அந்த அஞ்சு பேரும் பேசின பேச்சு இருக்கே, பெல் அடிச்சும் எந்திரிக்கல, பக்கத்துக் குழு பசங்க திரும்பி உக்காந்து கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தப் பையனுக்கு உள்ள நுழைய ஒரு வாசல் வேணும், சொல் தேடுற வேலை அவனுக்கு அந்த வாசலைக் குடுத்துச்சு, ரோல்னா அவ்வளவுதான் சார். உள்ள வந்துட்டான்னா திரும்ப வாசல்லயே நிக்க வைக்கக் கூடாது. அதனால ரெண்டு மூணு வாரம் ரோலை மாத்தி மாத்திக் குடுங்க, எல்லாரும் எல்லா வேலையும் ஒரு தடவை பாத்துடட்டும், அப்புறம் தாளை எடுத்துட்டு ஆளுக்கு நாலு துண்டுச் சீட்டு மட்டும் குடுங்க, படிக்கும்போது எங்க நின்னாங்களோ அந்தப் பக்கத்துல செருகி வச்சுட்டு வரட்டும். சீட்டுல ஒத்தை வரி போதும்.

கேள்வி கேக்குறவர் வேலையில மட்டும் நீங்க தனியா ஒரு பீரியட் செலவு பண்ணணும், அதுக்குக் குறுக்கு வழி இல்ல. நம்ம பசங்க கேள்வின்னாலே "அன்னமய்யா யார்?"னு குறுவினாதான் எழுதுவாங்க, விடை தெரிஞ்ச கேள்விக்கு யாரும் பேச மாட்டாங்க. கேக்குறவனுக்கே விடை தெரியாத கேள்வியா இருக்கணும், அதுதான் ஒரே விதின்னு சொல்லிப் பாருங்க. இன்னொண்ணு, எட்டு குழுவும் பேசும்போது நீங்க சுத்தி வருவீங்கல்ல, ஒரு குழுகிட்ட போயி நின்னா அவங்க பேச்சை நிறுத்திட்டு உங்க முகத்தைப் பாப்பாங்க. அங்க பதில் சொல்லிடாதீங்க. ஒரு நோட்டுல அவங்க சொன்னதை எழுதிக்கிட்டே நகந்துடுங்க, கடைசி அஞ்சு நிமிசத்துல அதைப் படிச்சுக் காட்டுங்க. தான் சொன்னதை சார் எழுதி வச்சிருக்காருன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் அவன் பேசுறதே வேற மாதிரி இருக்கும்.

டீச்சர், என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. இந்தக் குழு வாசிப்புல அவளுக்கு மூணு வாரமா படம் வரையுற வேலைதான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து கலர் அடிக்கிறா. பப்ளிக் எக்ஸாமுக்கு இதுல என்ன பிரயோஜனம்?
ஒரு அம்மா, கோவை

உங்க கவலை நியாயம்தான்மா. மூணு வாரம் ஒரே வேலையைக் குடுக்குறது சரியில்ல, அதை ஸ்கூல்ல போயி தயங்காம சொல்லுங்க, சில பிள்ளைங்க "எனக்கு வரையத்தான் வரும்"னு அதுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். கலர் அடிக்கவும் தேவையே இல்ல. இந்த வேலைக்குப் பென்சில்ல பத்து நிமிசக் கோடு போதும், குச்சி மனுசன் வரைஞ்சாலும் சரி. வரைஞ்சதை எதுவும் சொல்லாம நடுவுல வச்சுடணும், மத்த நாலு பேரும் இது எந்த இடம், ஏன் இதை வரைஞ்சான்னு ஊகிக்கணும், கடைசியிலதான் வரைஞ்சவ பேசணும். படத்தோட வேலை பேச்சைக் கிளப்புறது, சார்ட்ல ஒட்டி இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டுறதுக்கு இல்ல. நம்ம ஸ்கூல்கள்ல படைப்பாற்றல் கல்வின்னு (ஏ.எல்.எம்.) ஒரு கற்பித்தல் முறை வந்தப்பவும், பாடத்தைப் பசங்க படமா போடுற மன வரைபடம் பல இடத்துல இப்படித்தான் சுவருக்குப் போயிடுச்சு, எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

எக்ஸாமைப் பத்திக் கேட்டீங்க. அன்னமய்யாங்கிற பேருக்கும் அவரோட செயலுக்கும் உள்ள பொருத்தத்தை எழுதச் சொல்லி ஒரு கேள்வி அந்தப் பாடத்துல இருக்கு. நோட்ஸ்ல இருக்கிறதை அப்படியே எழுதலாம், மார்க் வரும். ஆனா எங்க குழுவுல ஒரு பொண்ணு, "அவன் பேரு வேற என்னமோவா இருந்தா கஞ்சி குடுத்திருக்க மாட்டானா?"ன்னு கேட்டுது. பேரு செயலைக் கொண்டு வருதா, செயல்தான் பேருக்கு அர்த்தம் குடுக்குதான்னு அரை மணி நேரம் சண்டை. அந்தச் சண்டையில இருந்த பிள்ளைங்க பரீட்சையில எழுதின விடையில சொந்த வாக்கியம் இருந்துச்சு, ஒரு வரி மறந்து போனா முழு விடையும் போயிடுற பயம் அவங்களுக்கு இல்ல. பதினோரு மணிக்கு மட்டும் அவளைத் தூங்க வச்சுடுங்க.

எங்க குழுவுல ரெண்டு பேரு படிக்காமலே வந்துடுறாங்க டீச்சர். ஒவ்வொரு வாரமும் நான்தான் அவங்களுக்குக் கதை சொல்றேன், அதுலயே பீரியட் போயிடுது.
பதினொண்ணாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

கண்ணு, முதல்ல கதை சொல்றதை நிறுத்து. நீ சொல்ற வரைக்கும் அவங்க படிக்க வேண்டிய அவசியம் இல்ல. படிக்காதவங்க அன்னைக்கு வட்டத்துக்கு வெளிய பக்கத்துலயே உக்காந்து விட்ட பக்கத்தைப் படிக்கட்டும், காதுல உங்க பேச்சு விழுந்துக்கிட்டே இருக்கும், நீங்க சிரிக்கிறது எதுக்குன்னு தெரியாம இருக்கிறதே அவங்களை அடுத்த தடவை படிக்க வைக்கும். இதை தண்டனை மாதிரி பண்ணக் கூடாது, உங்க டீச்சர்கிட்ட சொல்லி அவங்க மூலமா செய்யுங்க. அதுக்கும் முன்னாடி ஏன் படிக்கலன்னு தனியா கூப்பிட்டுக் கேளு. ஸ்கூல் விட்டதும் கடைக்கு வேலைக்குப் போறவங்க, தம்பி தங்கச்சியைப் பாத்துக்கிறவங்க உங்க வகுப்புலயும் இருப்பாங்க, வீட்ல படிச்சுட்டு வான்னு அவங்ககிட்ட சொல்றது நடக்காத காரியம். அப்படி இருந்தா வாரத்துக்கு எத்தனை பக்கம்னு அஞ்சு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க, பாதியை வகுப்புலயே படிச்சுடுங்க.

எங்க ஸ்கூல் லைப்ரரியில எந்த நாவலும் ஒண்ணு ரெண்டு பிரதிக்கு மேல இல்ல. எட்டாம் வகுப்புல பாதிப் பசங்க சரளமா வாசிக்கவும் மாட்டாங்க. எங்களுக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா?
ஒரு ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

வரும்மா, உங்க வகுப்புக்குத்தான் இது அதிகமா வேணும்.

புத்தகத்துக்கு வழி இருக்கு. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனது, 1998ல இருந்து தன்னார்வலர்கள் நடத்துற மதுரைத் திட்டம் இணையத்துல அவரோட நாவல்கள் இலவசமா கிடைக்குது, வாரத்துக்கு ரெண்டு அத்தியாயம் மட்டும் ஆறு பிரதி எடுத்துக்கோங்க. நான் பார்த்திபன் கனவைச் சொல்வேன், பத்திரிகையில தொடரா வந்ததால அத்தியாயம் சின்னது, ஒவ்வொண்ணும் அடுத்து என்னன்னு நிறுத்தும். ஆறு பிரதிதான்னா ஆறு பேரை நடுவுல உக்கார வச்சு மத்தவங்க சுத்தி உக்காந்து கேக்கட்டும், நடுவுல ஒரு நாற்காலியைக் காலியா போட்டு வைங்க, வெளிய இருக்கிறவனுக்கு ஏதாவது சொல்லத் தோணுனா அதுல வந்து உக்காந்து சொல்லிட்டுப் போகலாம். அடுத்த வாரம் வேற ஆறு பேரு.

வாசிக்கத் திணறுற பசங்களுக்கு அஞ்சாறு ரோல் வேண்டாம். 1984ல பாலின்சார், பிரௌன்னு ரெண்டு ஆய்வாளர்கள், எழுத்தைக் கூட்டி வாசிச்சாலும் அர்த்தம் பிடிபடாம தவிச்ச ஏழாம் வகுப்புப் பசங்ககிட்ட நாலே வேலையை வச்சுப் பாத்து நல்ல பலன் கண்டாங்க: அடுத்து என்ன வரும்னு ஊகிக்கிறது, கேள்வி கேக்குறது, புரியாததைத் தெளிவாக்குறது, சுருக்கிச் சொல்றது. முதல்ல டீச்சர் செஞ்சு காட்டணும், அப்புறம் பசங்க ஒவ்வொருத்தரா டீச்சர் இடத்துக்கு வரணும். நீங்களே சத்தமா ஒரு பக்கம் வாசிங்க, நல்லா நடிச்சு வாசிங்க, பசங்க விரல் வச்சுத் தொடரட்டும். பார்த்திபன் கனவுல ஒரு சிவனடியார் வர்றாரு பாருங்க, அவரு யாருன்னு உங்க பசங்க ஊகிக்கிறதை ஒவ்வொரு வாரமும் தேதி போட்டு கரும்பலகை ஓரத்துல எழுதி வைங்க, தப்பான ஊகத்தையும் அழிக்காதீங்க. வாசிக்கவே வராத பையன்கூட அந்த ஓரத்துல தன் பேரு இருக்கான்னு தினமும் வந்து பாப்பான்.