செவர்ன் ஆற்று இரும்புப் பாலம்: கேட்டதும் சொன்னதும்

(இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் 1779-இல் எழுந்த வார்ப்பிரும்புப் பாலம் பற்றி வந்த கேள்விகள்.)

கேள்வி: சார், இதைக் கட்டியது டார்பியா, பிரிட்சர்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் தாமஸ் பிரிட்சர்ட். வேலை தொடங்கிய கொஞ்ச நாளில், 1777 டிசம்பரில், இறந்துவிட்டார். வார்த்து நிறுத்தியவர் இரும்பு ஆலை உரிமையாளர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி. செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போக, மிச்சத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கடைசிவரை கடனாளியாகவே இருந்தார்.

கேள்வி: வார்ப்பிரும்பு பட்டென்று உடையுமே, எப்படித் தாங்குகிறது?

பதில்: இழுத்தால்தான் உடையும். அமுக்கினால் நன்றாகவே தாங்கும். வளைவில் பாரம் பெரும்பாலும் அமுக்கமாகவே கரைக்கு இறங்கும். அதனால்தான் 30 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்ட முடிந்தது.

கேள்வி: போல்ட்டே இல்லையாமே?

பதில்: வளைவின் உச்சியில், இரு பாதிகளும் சேரும் இடத்தில் மட்டும் உண்டு. மற்றதெல்லாம் தச்சு வேலைதான்! ஒரு துண்டில் துளை, அதில் நுழையும் இன்னொரு துண்டு, இறுக்க ஆப்பு, அப்புறம் புறாவின் வால் போல விரிந்த முனையைப் பள்ளத்தில் பொருத்தும் மூட்டு. மரத்துக்குச் செய்ததை அப்படியே இரும்புக்கும் செய்தார்கள். சுமார் 1,700 துண்டுகள், மொத்தம் 378 டன். இன்றைய கணக்கில் இரும்பை வாரி இறைத்திருக்கிறார்கள். 1796-இல் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் பக்கத்து ஊரான பில்ட்வாஸில் இதைவிட நீண்ட வளைவுள்ள பாலத்தை ஏறக்குறையப் பாதி எடையில் முடித்துவிட்டார்.

கேள்வி: விரிசல் விட்டது வெள்ளத்தாலா?

பதில்: இல்லை. 1795 வெள்ளத்தில் ஆற்றின் மற்ற பாலங்கள் அடிவாங்க, இது அசையவில்லை. தொல்லை மண்ணில்தான். பள்ளத்தாக்கின் இரு சரிவுகளும் ஆற்றை நோக்கி நகர்கின்றன; கரைக் கட்டுமானங்கள் உள்ளே தள்ளப்பட்டு வளைவை நெருக்கின. தென்கரையில் கல் கட்டுமானத்தை எடுத்துவிட்டு முதலில் மர வளைவுகளும், பின்னர் சிறிய இரும்பு வளைவுகளும் வைத்துப் பார்த்தார்கள். 1970-களில் ஆற்றடியில் கான்கிரீட் தளம் போட்டு இரு கரைகளுக்கும் முட்டுக்கொடுத்த பிறகுதான் நிலைமை அடங்கியது.

கேள்வி: கார் போகுமா? சுங்கம் உண்டா?

பதில்: 1934 முதல் வண்டிகளுக்குத் தடை. நடந்து போகிறவர்களிடம் 1950 வரை வசூலித்தார்கள், இப்போது இலவசம். பழைய கட்டணப் பலகை இன்னும் இருக்கிறது, படியுங்கள்: ராணுவ வீரர், தபால் வண்டி, அரச குடும்பம் என்று யாருக்கும் விலக்கில்லை.